அரைத்த மாவையே அரைப்பதா?

நுழையும்முன்

முடிந்த வேலையையே மீண்டும் மீண்டும் செய்பவரை ‘அரைத்த மாவையே அரைக்கிறார்’ என்று கூறுவது தமிழர் வழக்கு. மனிதரை நோக்கிப் பிறந்த இத்தொடர் கணினிக்கும் பொருந்தும். ஒரு பெரிய மென்பொருளை உருவாக்கும்போது, கணினி ஒரே பகுதியை நூற்றுக்கணக்கான முறை படித்துப் பொருள் கொள்கிறது. அவ்வீண் உழைப்பைத் தவிர்க்கும் வழியையும், அவ்வழியில் செல்வோர் காக்கவேண்டிய ஒழுங்குகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பீளமேடு காட்டும் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூர் நகரின் கிழக்கே, அவினாசி சாலையின் இருமருங்கிலும் பரந்துள்ள பகுதி பீளமேடு. பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930களில் கோவை வட்டாரத்திற்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்குரிய பொறிகளைச் செய்யும் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் தோன்றின. 1937ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து, இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைப் பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில் உருவாக்கினர். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951ஆம் ஆண்டிலும், சி.ஐ.டி. என வழங்கப்பெறும் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956ஆம் ஆண்டிலும் இங்கே தொடங்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கொடிசியா வளாகத்தில் நடைபெற்றபோது, அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. விளாங்குறிச்சி சாலையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். நூல் நூற்ற ஊர் நிரல் எழுதும் ஊராகவும் வளர்ந்த வரலாறு இது.

மின்மோட்டாரையும் கருங்கல்லையும் இணைத்துக் கோவை தந்த மற்றொரு பொறி, மாவரைக்கும் கிரைண்டர். ஆட்டுக்கல்லின் முன் நாள்தோறும் அமர்ந்திருந்த பெண்களின் உழைப்பை அது பெருமளவு குறைத்தது. இன்று கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகத் திகழ்கிறது.

கிரைண்டர் இருக்கும் வீட்டில் வேலை எவ்வாறு நடக்கிறது? அரிசியையும் உளுந்தையும் மாலையில் ஒருமுறை அரைத்து வைக்கின்றனர். மறுநாள் காலையில் அம்மாவு இட்லியாகிறது, தோசையாகிறது, வெங்காயம் சேர்த்தால் ஊத்தப்பமாகிறது. ஒவ்வொரு தோசைக்கும் தனித்தனியே அரிசியை ஊறவைத்து அரைப்பவர் எவரும் இலர். ஆனால், கணினி அவ்வாறுதான் செய்கிறது. சி++ மொழியில் எழுதப்பட்ட மென்பொருளை உருவாக்கும்போது, தனியே சொல்லப்படாத வரையில், அது ஒவ்வொரு தோசைக்கும் புதிதாக மாவு அரைக்கிறது.

நிரலைப் பெயர்த்தல்

மனிதர் எழுதும் நிரல் மனிதருக்குப் புரியும் சொற்களால் ஆனது. கணினியின் மையச் செயலகம் அறிந்தவையோ எண்களாலான கட்டளைகள் மட்டுமே. முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் மென்பொருளே ‘கம்பைலர்’ எனப்படும் நிரல்பெயர்ப்பி. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் தருதல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைக் குறிப்பிடுகிறது. நிரல்பெயர்ப்பியும் ஒரு மொழிபெயர்ப்பாளரே.

இம்மொழிபெயர்ப்பு பல படிகளில் நிகழ்கிறது. முதலில் முன்செயலி என்னும் பகுதி, நிரலில் சேர்க்கவேண்டியவற்றைச் சேர்த்து ஒழுங்கு செய்கிறது. அடுத்து, எழுத்துகளின் நீண்ட வரிசை, வில்லைகள் எனப்படும் சிறு சிறு சொற்களாகப் பகுக்கப்படுகிறது. பின்னர், அச்சொற்கள் மொழியின் தொடரிலக்கணத்திற்கு ஏற்ப அமைந்துள்ளனவா என்று ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு பெயரும் எதைக் குறிக்கிறது, அது பொருந்தும் இடத்தில் வந்துள்ளதா என்பனவும் சரிபார்க்கப்படுகின்றன. இவை யாவும் முடிந்த பிறகே கணினிக்குரிய கட்டளைகள் செப்பம் செய்யப்பட்டு எழுதப்படுகின்றன. அவ்வாறு உருவாகும் கோப்பு இலக்குக் கோப்பு. இலக்குக் கோப்புகள் பலவற்றையும் இணைப்பி ஒன்றாகத் தொடுக்கும்போது இயங்கும் மென்பொருள் பிறக்கிறது.

தலைப்புக் கோப்பு என்னும் பாயிரம்

நூலின் உள்ளே புகுமுன் நூலைப் பற்றி அறிவிப்பது பாயிரம். கொங்கு நாட்டுச் சீனாபுரத்தைச் சார்ந்தவர் என்று கூறப்படும் பவணந்தி முனிவர், நன்னூலில் பாயிரத்தை இரண்டாகப் பகுக்கிறார். எல்லா நூலுக்கும் உரிய செய்திகளைக் கூறுவது பொதுப்பாயிரம். ஒரு நூலுக்கு மட்டும் உரியவற்றைக் கூறுவது சிறப்புப்பாயிரம். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றேல் அது நூலாகாது என்பது அவர் கொள்கை.

சி++ நிரலுக்கும் பாயிரம் உண்டு. அதற்குத் தலைப்புக் கோப்பு என்று பெயர். நிரலில் பயன்படும் செயற்கூறுகளின் பெயர்கள், அவை ஏற்கும் தரவுகள், இனக்குழுக்களின் அமைப்பு ஆகியவற்றை அது முன்கூட்டியே அறிவிக்கிறது. மேல்நிலை முதலாமாண்டுக் கணினி அறிவியல் மாணவர் எழுதும் முதல் நிரலே ‘ஐஓஸ்ட்ரீம்’ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் வரியுடன்தான் தொடங்குகிறது. திரையில் ஒரு சொல்லைக் காட்டவும், விசைப்பலகையிலிருந்து ஓர் எண்ணைப் பெறவும் தேவையான அறிவிப்புகள் அக்கோப்பில் உள்ளன.

அந்த ஒற்றை வரியைக் கண்டதும் முன்செயலி செய்வது என்ன? தலைப்புக் கோப்பு முழுவதையும் எடுத்து, அவ்வரி இருந்த இடத்தில் அப்படியே படியெடுத்து ஒட்டுகிறது. ‘ஐஓஸ்ட்ரீம்’ வேறு பல தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கிறது. அவை மேலும் பலவற்றைச் சேர்க்கின்றன. இறுதியில், மாணவர் எழுதிய ஐந்து வரி நிரல், நிரல்பெயர்ப்பியின் கைக்குச் சேரும்போது ஏறத்தாழ முப்பதாயிரம் வரிகளாகப் பெருகியிருக்கும். நிரல்பெயர்ப்பியின் பதிப்பிற்கு ஏற்ப இவ்வெண் கூடும் அல்லது குறையும். எவ்வாறாயினும், எழுதியவர் கண்ணுக்குப் புலப்படாத பல்லாயிரம் வரிகளையும் நிரல்பெயர்ப்பி ஒரு வரியும் விடாமல் படித்தாக வேண்டும். சிறு பாட்டுக்குப் பெரும் பாயிரம் அமைந்த நிலை இது.

இவ்வாறு அமைந்தது ஏன்?

இவ்வமைப்பை வகுத்தவர்கள் அறியாமல் செய்த பிழை அன்று இது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அக்காலக் கணினிகளின் நினைவகம் கிலோபைட்டுகளில் அளக்கப்பட்டது. பெரிய நிரலை ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றுதல் இயலாது. எனவே, நிரலைப் பல மூலக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர்க்கும் முறை வகுக்கப்பட்டது. ஒரு கோப்பைப் பெயர்த்து முடித்ததும், நிரல்பெயர்ப்பி அதுவரை அறிந்த அனைத்தையும் மறந்துவிட்டு அடுத்த கோப்பைத் தொடங்கும். அன்று மறதியே சிக்கனமாக இருந்தது. அன்றைய தலைப்புக் கோப்புகளும் மிகச் சிறியவை.

அதே ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரோஸ்ட்ரப், சி மொழியை விரித்து சி++ மொழியைப் படைத்தார். 1985ஆம் ஆண்டில் அது வணிக முறையில் வெளிவந்தது. 1998ஆம் ஆண்டு பன்னாட்டு வரையறை பெற்றபோது, வார்ப்புருக்கள் நிறைந்த பெரிய நூலகம் ஒன்றும் மொழியின் பகுதியாயிற்று. வார்ப்புருக்களின் முழு வடிவமும் பெரும்பாலும் தலைப்புக் கோப்பிலேயே இருக்கவேண்டும். எனவே, தலைப்புக் கோப்புகள் பருத்தன. கோப்பு வளர்ந்தது, நிரல்பெயர்ப்பியின் மறதி மட்டும் மாறவில்லை.

ஒரே தலைப்புக் கோப்பு இருமுறை சேர்க்கப்படுவதைத் தடுக்கும் காவல் வரிகளை நிரலர் எழுதுவது உண்டு. அக்காவல் ஒரு மூலக் கோப்பின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அடுத்த மூலக் கோப்பைத் தொடங்கும்போது எல்லாம் புதிதாக நடைபெறும்.

வீணாகும் நேரத்தின் கணக்கு

400 மூலக் கோப்புகளைக் கொண்ட மென்பொருள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வொரு கோப்பையும் பெயர்க்க 2 நொடி ஆகிறது எனவும், அதில் 1.5 நொடி எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான தலைப்புக் கோப்புகளைப் படிப்பதற்கே செலவாகிறது எனவும் வைத்துக்கொள்வோம். கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்க்கப்பட்டால் மொத்த நேரம் 800 நொடி. அதாவது, 13 நிமிடம் 20 நொடி. இதில் 600 நொடி, அதாவது 10 நிமிடம், ஒரே பாயிரத்தை 400 முறை படிப்பதில் கழிகிறது. நிரலர் புதிதாக எழுதிய பகுதிகளைப் பெயர்க்க ஆனது 200 நொடி மட்டுமே.

ஒருமுறை அரைத்த மாவு 399 முறை மீண்டும் அரைக்கப்பட்டது என்பதே இக்கணக்கின் பொருள்.

முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு

இதற்குரிய தீர்வு எளிய ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தது. பொதுவான தலைப்புக் கோப்புகளை ஒருமுறை படித்து முடித்ததும், தான் புரிந்துகொண்ட நிலையை நிரல்பெயர்ப்பி வட்டில் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கட்டும். அடுத்த மூலக் கோப்பைத் தொடங்கும்போது, தலைப்புக் கோப்புகளை மீண்டும் படிப்பதற்குப் பதிலாக, சேமித்த நிலையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடரட்டும். இவ்வாறு சேமிக்கப்படும் கோப்பே முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு.

இங்கே ஒரு நுட்பத்தை உணரவேண்டும். சேமிக்கப்படுவது தலைப்புக் கோப்பின் எழுத்துகள் அல்ல. அவ்வெழுத்துகளைப் படித்துப் பெற்ற அறிவு. எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது, எந்தச் செயற்கூறு எவ்வகைத் தரவை ஏற்கிறது, எந்த இனக்குழுவில் எவ்வுறுப்புகள் உள்ளன என்பனவெல்லாம் பகுத்து ஆராயப்பட்ட வடிவிலேயே அக்கோப்பில் இருக்கும். வட்டில் இருப்பது ஊறவைத்த அரிசி அன்று; அரைத்துப் பதப்படுத்திய மாவு.

முன்னர்க் கண்ட கணக்கை இப்போது மீண்டும் போட்டுப் பார்ப்போம். முன்பெயர்த்த கோப்பை உருவாக்க 2 நொடி. ஒவ்வொரு மூலக் கோப்பிலும் அதனை எடுத்துக்கொள்ள 0.1 நொடி; எஞ்சிய பகுதியைப் பெயர்க்க 0.5 நொடி. ஆக, 400 கோப்புகளுக்கு 240 நொடி. தொடக்கச் செலவுடன் 242 நொடி. 13 நிமிடத்திற்கு மேல் ஆன வேலை ஏறத்தாழ 4 நிமிடத்தில் முடிகிறது. எல்லா மென்பொருளுக்கும் பயன் இதே அளவில் இராது. பொதுப்பகுதி பெரிதாகவும், மூலக் கோப்புகள் மிகுதியாகவும் உள்ள இடத்திலேயே பயன் மிகுதி.

விண்டோஸ் இயங்குதளத்திற்கான நிரல்களில் தலைப்புக் கோப்புகள் மிகப் பெரியவை. ஆதலால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விஷுவல் சி++ இம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற நிரல்பெயர்ப்பியாகிய ஜிசிசி, 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 3.4ஆம் பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது. கிளாங் என்னும் நிரல்பெயர்ப்பி சேமித்த கோப்பு முழுவதையும் ஏற்றாமல், தேவைப்படும் அறிவிப்பைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறது. உருவாக்கப் பணிகளை ஒழுங்குபடுத்தும் சிமேக் என்னும் கருவி, 2019ஆம் ஆண்டின் 3.16ஆம் பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் இம்முறையை அமைத்துத் தருகிறது.

> தெரியுமா?
> பள்ளிக் கணினி ஆய்வகங்களில் சி++ கற்கப் பயன்படும் டெவ் சி++ மென்பொருளின் உள்ளே இயங்குவதும் ஜிசிசி குடும்பத்தைச் சார்ந்த நிரல்பெயர்ப்பியே. ஆயினும், ஒரே மூலக் கோப்பால் ஆன சிறு பயிற்சி நிரலுக்கு முன்பெயர்ப்பால் பயன் இல்லை. ஒரே ஒரு தோசைக்காக ஒரு குடம் மாவு அரைத்தல் சிக்கனம் ஆகாது.

பாவு தரும் பாடம்

முன்பெயர்ப்புக்கு மூன்று விதிகள் உண்டு. கொங்கு நாட்டுக் கைத்தறிக் கூடங்களை அறிந்தவர்க்கு அவை எளிதில் விளங்கும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு ஒருமுறை ஏற்றப்பட்டால், அதன்மேல் ஊடையை மாற்றி மாற்றிப் பல புடவைகளை நெய்யலாம். முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு பாவு போன்றது; மூலக் கோப்புகள் ஊடை போன்றவை.

முதல் விதி, பாவு ஏறிய பின்னரே முதல் ஊடை ஓட முடியும். அதுபோல, முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு மூலக் கோப்பின் தொடக்கத்திலேயே, வேறு எந்த நிரல் வரிக்கும் முன்னதாக வரவேண்டும். அதற்கு முன் வேறு அறிவிப்பு வந்துவிட்டால், சேமித்த நிலையும் நடப்பு நிலையும் ஒன்றாக இரா.

இரண்டாம் விதி, ஒரு தறியில் ஒரு நேரத்தில் ஒரு பாவுதான். ஜிசிசியில் ஒரு மூலக் கோப்பைப் பெயர்க்கும்போது ஒரே ஒரு முன்பெயர்த்த கோப்பையே பயன்படுத்த இயலும். ஆகவே, பொதுவான தலைப்புக் கோப்புகள் பலவற்றையும் ஒன்றில் திரட்டி, அத்திரட்டையே முன்பெயர்த்தல் வழக்கம்.

மூன்றாம் விதி, பட்டுப் புடவைக்கு இழைத்த பாவில் பருத்தித் துண்டு நெய்ய இயலாது. எந்த நிரல்பெயர்ப்பியால், எந்த விருப்பத்தேர்வுகளுடன் முன்பெயர்ப்பு நடந்ததோ, அதே நிரல்பெயர்ப்பியாலும் அவற்றுக்கு ஒத்த தேர்வுகளுடனும் மூலக் கோப்புகளைப் பெயர்க்க வேண்டும். பொருத்தம் இல்லையேல், ஜிசிசி சேமித்த கோப்பை ஒதுக்கிவிட்டுப் பழைய முறைப்படி தலைப்புக் கோப்பைப் படிக்கத் தொடங்கும். அதனைப் பிழையாகவும் அறிவிக்காது. எச்சரிக்கை தரும்படி தனியே கேட்டுக்கொண்டால்தான், ஒதுக்கப்பட்ட செய்தி தெரியவரும். முன்பெயர்ப்பு அமைத்தும் வேகம் கூடவில்லை என்று வருந்துவோர் முதலில் ஆராயவேண்டிய இடம் இதுவே.

எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது?

விதிகளை அறிதல் எளிது, தேர்ந்தெடுத்தல் அரிது. முன்பெயர்ப்பின் வெற்றி முழுவதும், எந்தெந்தத் தலைப்புக் கோப்புகளை அதில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொதுப்பாயிரத்தில் வைக்கவேண்டியதைப் பொதுப்பாயிரத்திலும், சிறப்புப்பாயிரத்தில் வைக்கவேண்டியதைச் சிறப்புப்பாயிரத்திலும் வைத்தல் வேண்டும்.

சேர்க்கத் தக்கவற்றுக்கு இரண்டு தகுதிகள் தேவை. ஒன்று, அவை பெரும்பாலான மூலக் கோப்புகளில் பயன்பட வேண்டும். மற்றொன்று, அவை அடிக்கடி மாறாதவையாக இருத்தல் வேண்டும். சி++ மொழியின் நூலகத் தலைப்புக் கோப்புகள், இயங்குதளத்தின் தலைப்புக் கோப்புகள், பிறர் உருவாக்கி நிலைபெற்ற நூலகங்கள் ஆகியன இவ்விரு தகுதிகளும் உடையவை. நிரலர் குழு தானே எழுதி நாள்தோறும் திருத்திக்கொண்டிருக்கும் தலைப்புக் கோப்புக்கு இரண்டாம் தகுதி இல்லை.

தகுதியற்றதைச் சேர்த்தால் விளைவது என்ன? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 8 மூலக் கோப்புகளில் மட்டும் பயன்படும் தலைப்புக் கோப்பு ஒன்று ஒரு நாளில் 10 முறை திருத்தப்படுகிறது எனக் கொள்வோம். அது முன்பெயர்ப்புக்கு வெளியே இருந்தால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் 8 கோப்புகளை மட்டும் மீண்டும் பெயர்த்தால் போதும். கோப்புக்கு 0.6 நொடி வீதம் 4.8 நொடி, பத்துத் திருத்தங்களுக்கு 48 நொடி. அதே கோப்பு முன்பெயர்ப்புக்குள் இருந்தால், ஒவ்வொரு திருத்தமும் முன்பெயர்த்த கோப்பையே செல்லாததாக்கும். அதனைச் சார்ந்த 400 கோப்புகளும் மீண்டும் பெயர்க்கப்பட வேண்டும். ஒரு திருத்தத்திற்கு 242 நொடி. பத்துத் திருத்தங்களுக்கு 2,420 நொடி, அதாவது 40 நிமிடத்திற்கு மேல். நேரத்தை மிச்சப்படுத்த அமைத்த ஏற்பாடே நேரத்தை விழுங்கிவிடுகிறது. வேண்டியவர் மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று தனியே வைத்திருக்க வேண்டிய வெங்காயத்தை மாவிலேயே கலந்துவிட்டால், பிறகு இட்லிக்கும் தோசைக்கும் அம்மாவு பயன்படாது.

எனவே, முன்பெயர்ப்பைத் தொடங்குமுன் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. எந்தத் தலைப்புக் கோப்பைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் வசதி, 2019ஆம் ஆண்டு முதல் கிளாங் நிரல்பெயர்ப்பியில் உள்ளது. அளந்து, பெருஞ்செலவு எங்கே எனக் கண்டு, அங்கே மட்டும் முன்பெயர்ப்பைக் கையாளுதல் தேர்ந்தவர் வழி. கட்டளைகளைச் செப்பம் செய்வதிலும் இலக்குக் கோப்புகளை இணைப்பதிலும் நேரம் செலவாகிறது என்றால், முன்பெயர்ப்பு அங்கே துணைசெய்யாது.

மறைந்து நிற்கும் சார்பு

முன்பெயர்ப்பால் வரும் மற்றொரு தீங்கு உடனடியாகக் கண்ணுக்குத் தெரியாது. பொதுத் திரட்டில் உள்ள அறிவிப்புகள் எல்லா மூலக் கோப்புகளுக்கும் தாமே கிடைத்துவிடுகின்றன. அதனால், ஒரு மூலக் கோப்பு தனக்குத் தேவையான தலைப்புக் கோப்பைத் தானே கேட்டுப் பெறாவிட்டாலும் பிழையின்றிப் பெயர்க்கப்படும். எழுதியவரும் அக்குறையை உணர்வதில்லை. பின்னொரு நாளில், அம்மூலக் கோப்பை வேறொரு மென்பொருளுக்கு எடுத்துச் சென்றாலோ, பொதுத் திரட்டிலிருந்து ஒரு வரியை நீக்கினாலோ, அதுவரை உறங்கிக்கிடந்த பிழைகள் ஒன்றாக எழும்.

இதனைத் தவிர்க்கும் வழி ஒழுக்கம் சார்ந்தது. முன்பெயர்ப்பு இருக்கிறது என்பதற்காக, ஒரு மூலக் கோப்பு தன் தேவையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளைத் தானே குறிப்பிட வேண்டும். காவல் வரிகள் இருப்பதால், இவ்வாறு மீண்டும் குறிப்பிடுவதால் நேரம் மிகுதியாகச் செலவாவதில்லை. மேலும், முன்பெயர்ப்பை நீக்கிவிட்டும் மென்பொருள் சரியாக உருவாகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். முன்பெயர்ப்பு வேகத்திற்குத் துணையாகலாம்; நிரலின் சரித்தன்மைக்கு அதுவே ஊன்றுகோல் ஆகிவிடக் கூடாது.

காத்திருப்பின் விலை

சில நிமிடங்களை மிச்சப்படுத்த இத்துணை முயற்சி தேவையா என்ற வினா எழலாம். நிரல் எழுதுதல் என்பது எழுதுதல், இயக்கிப் பார்த்தல், திருத்துதல் என்னும் சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 5 நொடி ஆனால், நிரலர் சிறு மாற்றம் ஒன்றைச் செய்தவுடன் சோதிப்பார். பிழை பிறந்த இடத்திலேயே பிடிபடும். ஒரு சுழற்சிக்கு 13 நிமிடம் ஆனால், அவர் பல மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒருமுறை சோதிப்பார். பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று கண்டறிதல் அப்போது கடினம். காத்திருக்கும் நேரத்தில் கவனம் சிதறும். தொடர்ந்து வந்த எண்ணம் அறுபடும். சோதனை குறைந்த மென்பொருள் ஊர்தியிலோ மருத்துவக் கருவியிலோ அமர்ந்தால், அதன் விலையைச் செலுத்துபவர் நிரலர் அல்லர். அக்கருவியை நம்பியிருக்கும் மனிதர்.

பள்ளி ஆய்வகத்திலும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு பாடவேளையின் பெரும்பகுதி காத்திருப்பில் கழிந்தால், மாணவர் தாமே முயன்று, தவறி, திருத்திக் கற்கும் வாய்ப்புகள் குறைகின்றன. பழைய கணினிகளைக் கொண்ட ஆய்வகத்தில் ஒவ்வொரு நொடியும் அருமையானது. புதிய கணினி வாங்கப் பொருள் இல்லாத இடத்தில், இருக்கும் கணினியை வீணாக உழைக்கவிடாமல் காக்கும் அறிவே பெருந்துணை.

வருங்காலம்

படியெடுத்து ஒட்டும் பழைய முறையையே மாற்றும் முயற்சியும் நடந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் சி++ வரையறையில் ‘மாட்யூல்’ எனப்படும் தொகுதி முறை இடம்பெற்றது. இம்முறையில் ஒரு தொகுதி ஒருமுறை பெயர்க்கப்படுகிறது. பிறர் பயன்கொள்ள வேண்டியவற்றை மட்டும் அது வெளிப்படுத்துகிறது. வேண்டும் கோப்பு அதனைப் பெயர்சொல்லி வரவழைத்துக்கொள்கிறது. முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு தந்த வேகம் இதில் உண்டு. மறைந்து நிற்கும் சார்பு என்னும் தீங்கு குறைகிறது. அடுத்து வந்த சி++23 வரையறை, மொழியின் நூலகம் முழுவதையும் ஒரே தொகுதியாகப் பெற வழிசெய்தது. எனினும், பல்லாண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் ஒரே நாளில் புதிய முறைக்கு மாறிவிட மாட்டா. அவை மாறும் வரையில் முன்பெயர்ப்பின் தேவை தொடரும்.

மாறாதவற்றை ஒருமுறை செய்து பாதுகாத்தல், மாறுபவற்றை அவ்வப்போது புதிதாகச் செய்தல், இவ்விரண்டையும் பிரித்தறிதல் என்னும் மூன்றுமே இப்பாடத்தின் சாரம். இவற்றுள் முதல் இரண்டையும் கருவி செய்துவிடும். மூன்றாவதைச் செய்ய நிரலரின் அறிவே வேண்டும்.

கலைச்சொல் அறிவோம்

கம்பைலர் – நிரல்பெயர்ப்பி
ஹெடர் ஃபைல் – தலைப்புக் கோப்பு
ப்ரீகம்பைல்டு ஹெடர் – முன்பெயர்த்த தலைப்புக் கோப்பு
ப்ரீபிராசஸர் – முன்செயலி
ஆப்ஜெக்ட் ஃபைல் – இலக்குக் கோப்பு
லிங்கர் – இணைப்பி
டோக்கன் – வில்லை

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலோ ஊரிலுள்ள தொழிற்கூடத்திலோ ‘ஒருமுறை செய்து பலமுறை பயன்கொள்ளும்’ வேலைகள் மூன்றனைக் கண்டறிந்து, அவற்றுள் மாறும் பகுதி எது, மாறாத பகுதி எது எனப் பிரித்து எழுதுக.

2. நன்னூல் கூறும் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் ஆகியவற்றின் செய்திகளைத் தொகுத்து, அவற்றைத் தலைப்புக் கோப்புகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

வினாக்கள்

குறுவினா: நிரல்பெயர்ப்பியின் ‘மறதி’ ஒரு காலத்தில் சிக்கனமாக இருந்தது ஏன்?

சிறுவினா: முன்பெயர்ப்புக்கு உரிய மூன்று விதிகளைப் பாவு, ஊடை ஆகியவற்றோடு பொருத்தி விளக்குக.

நெடுவினா: 600 மூலக் கோப்புகள் உள்ள மென்பொருளில், கோப்புக்கு ஆகும் 3 நொடியில் 2 நொடி பொதுத் தலைப்புக் கோப்புகளுக்குச் செலவாகிறது. முன்பெயர்ப்பால் மிஞ்சும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிட்டு, அப்பயனை இழக்கச் செய்யும் தவறுகளையும் தொகுத்து எழுதுக.